அன்றைய நீர்மட்டம்

அன்புள்ள ஐயா,

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிக் காலத்து நண்பர்கள் நால்வர் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு மீன்பிடிக்கப் போனோம். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் சேர்ந்து, கொளத்தூர் தாண்டிப் பண்ணவாடித் துறையில் ஒரு பரிசலைப் பேசி ஏறினோம். கரையோரத்தில் தண்ணீருக்குள் புல் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது பார்க்க அழகாக இருந்தது. பரிசல்காரர் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். வெயிலுக்கு அதைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. மடித்து அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டோம்.

மண்புழுவும் மைதா உருண்டையும் கோத்துப் போட்டோம். மதியம் வரை உள்ளங்கை அகலத்தில் சில ஜிலேபி மீன்கள்தான் மாட்டின. கட்லா ஒன்றுகூட வரவில்லை. நாகமரைப் பக்கம் முள்மரத் தலைகள் தெரிந்த ஒரு ஒதுக்கத்தில் பெரிய மீன் நிற்கும் என்று நண்பன் ஒருவன் சொன்னான். பரிசல்காரர் பாதி வழியில் நிறுத்திவிட்டு, இதற்கு மேல் வரமாட்டேன் என்றார். கூடுதலாகப் பணம் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தோம். காரணம் எதுவும் சொல்லாமல் பரிசலைத் திருப்பிவிட்டார். எங்களுக்கு அது கொஞ்சம் கசப்பாகவே இருந்தது. நால்வரில் ஒருவன் ஆறு மாதத்துக்கு முன் அப்பாவை இழந்தவன். அன்று முழுவதும் அவன் அநேகமாகப் பேசவே இல்லை.

திரும்பி வந்து இதை எழுத முயன்றேன். எழுத எழுத, எதுவுமே நடக்கவில்லையே என்றுதான் தோன்றியது. எதுவும் நடக்காத ஒரு நாளை எப்படி எழுதுவது? பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பது பாவம் என்று மனைவி சொல்கிறார். உங்கள் கருத்து என்ன? நாற்பதை நெருங்கும்போது கல்லூரி நட்பு நீடிக்குமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகரின் கடிதம், சுருக்கப்பட்டது.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வேளையில் நான் இதே நீர்த்தேக்கத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மேட்டூரைப் பற்றி அண்மையில் நான் படித்த பயணக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் சூரியோதயம் இருக்கிறது, பரிசல் இருக்கிறது, மசாலா தடவிப் பொரித்த மீன் இருக்கிறது. அன்றைக்கு அணையில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்பது மட்டும் எதிலும் இல்லை. அந்த ஆற்றாமையில் இருந்தவனிடம் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. முழுக் கடிதத்தில் என்ன பலகாரம் கட்டிக்கொண்டு போனீர்கள் என்பது இருக்கிறது, யாருடைய காரில் போனீர்கள் என்பது இருக்கிறது, மேச்சேரியில் எந்த முக்கில் டீ குடித்தீர்கள் என்பதுகூட இருக்கிறது. நீர்மட்டம் இல்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பாவம் பற்றி உங்கள் மனைவியோடு வாதாட நான் வரப்போவதில்லை. பிடித்த மீனை வீணாக்காமல் கழுவிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருந்தால் அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. கரையில் எறிந்துவிட்டு வந்திருந்தால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. நட்பு நீடிக்குமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். விடியற்காலையில் நான்கு பேர் குடும்பத்தையும் தொழிலையும் விட்டுவிட்டு ஒரு பரிசலில் ஏறினீர்கள் அல்லவா, அதுவே பதில்.

எதுவும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு நடந்தது ஒன்று இருக்கிறது. அதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள், ஒரு புகாராக. நாள் முழுவதும் தண்ணீரோடு புழங்கும் ஒரு மனிதர், கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம் என்று நான்கு பேர் சொன்ன பிறகும், ஓர் இடத்துக்கு மேல் போக மறுத்துப் பரிசலைத் திருப்பினார். உங்கள் நாளின் மையம் அது. அவர் ஏன் மறுத்தார் என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அது தெரிய வேண்டுமானால் நீர்மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏரி, குளம், நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் நாம் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். ஏற்காட்டு ஏரியில் நீங்கள் படகு விட்டிருப்பீர்கள். அதற்கு ஏறத்தாழ நிலையான ஒரு கரை இருக்கிறது. இந்த ஆண்டு பார்த்த கரையை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். மேட்டூருக்கு அப்படி ஒரு கரை கிடையாது. 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. நிரம்பி நிற்கும்போது தண்ணீர் ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. ஆனால் அது நிரம்பி நிற்பதற்காகக் கட்டப்பட்டது அன்று. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி குறுவைக்குத் திறந்து ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் தண்ணீர் விடுவதற்காகக் கட்டப்பட்டது. வரத்து இல்லாத ஆண்டில் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். 2023ஆம் ஆண்டு ஜூனில் திறக்கும்போது நூறு அடிக்கு மேல் நின்ற தண்ணீர், அந்த அக்டோபரில் முப்பது அடியை ஒட்டி வந்துவிட்டது. 2024 ஜூலை 30ஆம் தேதி அதே அணை 120 அடியைத் தொட்டு நிரம்பியது. வெள்ளம் பதினாறு கண் மதகு வழியாக வெளியேறியது. இரண்டுக்கும் இடையில் ஓர் ஆண்டுகூட இல்லை. 2023 அக்டோபரில் ஒருவர் பண்ணவாடியில் நின்று பார்த்த இடமும், பத்து மாதம் கழித்து இன்னொருவர் அதே துறையில் நின்று பார்த்த இடமும் பெயரால் மட்டுமே ஒன்று. முதலாமவர் ஈரம் காயாத சேற்றையும், மூழ்கிய ஊரின் நந்தியையும், தேவாலயக் கோபுரத்தையும் பார்த்திருப்பார். இரண்டாமவர் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தண்ணீரைப் பார்த்திருப்பார். நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பது நீர்மட்டத்தை எழுதாதவரை வாசகனுக்குத் தெரிய வழியில்லை.

இந்த வழக்கம் என்னுடைய கண்டுபிடிப்பு அன்று. சேலத்துக்காரர்களில் ஒரு தலைமுறை நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடியது, ஓரத்தில் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்ற மூன்று எண்களைத்தான். எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. மேட்டூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. டெல்டாவில் குறுவை நட்டாலும் நடாவிட்டாலும் அவருடைய சம்பளம் மாறப்போவதில்லை. ஆனாலும் காலையில் டீக்கடையில் நாளிதழ் கைக்கு வந்ததும் அந்த மூன்று எண்களைப் பார்த்து, வீட்டுக்கு வந்து சத்தமாகச் சொல்வார். சொல்வது அப்பாயிக்காக. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து, “எத்தன அடி நிக்குது சாமி?” என்று கேட்பார். சித்தப்பா சொல்லாமல் வேலைக்குக் கிளம்பிவிட்ட நாளில் எங்களைப் பக்கத்து வீட்டுக்கு ஓட்டி நாளிதழைப் பார்த்துவரச் சொல்வார்.

அப்பாயி பிறந்த ஊர் தண்ணீருக்குள் இருந்தது. அணை எழும்பிய ஆண்டுகளில் அவர் சிறுமி. குடும்பம் மேச்சேரிப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் எந்த இடம் எந்த மட்டத்தில் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அணை வந்த பிறகு எத்தனையோ வறட்சியில் ஊர் வெளியே வந்ததையும் பலமுறை நடந்து போய்ப் பார்த்திருந்தார். ஆகவே சித்தப்பா ஓர் எண்ணைச் சொன்னதும், அப்படியானால் கோயில் மேடு தெரியும், கிணற்று வாய் இன்னும் தெரியாது என்று அவர் கணக்குச் சொல்வார். நிரம்பி நிற்கும் நாளில் ஒன்றும் சொல்லமாட்டார். ஆடிப் பெருக்குக்கு நாங்கள் எல்லோரும் அணைக்கட்டு முனியப்பனுக்குக் கோழி அறுக்கப் போகும்போது கூடவே வருவார், ஆனால் நீர்த்தேக்கப் பக்கம் போய்ப் பரிசலில் ஏறு என்றால் ஏறமாட்டார். எத்தனை பேர் வற்புறுத்தியும் அந்தத் தண்ணீரின் மேல் அவர் ஒருமுறையும் ஏறியதில்லை.

எங்களைச் சித்தப்பா கூட்டிப்போனார். தண்ணீர் நன்றாக இறங்கிக் கிடந்த ஒரு கோடை அது. மூங்கில் பிளாச்சு பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு விரித்து, தார் பூசிய பழைய பரிசல். கரையோரம் ஆழம் குறைவாக இருந்ததால் பரிசல்காரர் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். கழி சேற்றில் இறங்கும்போது சத்தமே வராது. இழுக்கும்போது மட்டும் சேறு அதைப் பிடித்து விடுவிக்கும். ஓர் இடத்தில் கழி ‘டொக்’ என்று எதன்மேலோ மோதி, கை அதிர நின்றது. அவர் பரிசலை இரண்டு முழம் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி ஊன்றினார், சேறு. திரும்பவும் பழைய இடத்தில் ஊன்றினார், டொக். “செவுரு தம்பி. இங்க தூண்டிலப் போடாதீங்க, மாட்டிக்கும்” என்றார். சித்தப்பா அது எந்த ஊர் என்று கேட்டார். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. கழியின் நுனியைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, இது தெரு, இது களம், அதோ அந்தக் கொக்கு நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் இப்பால் கிணறு என்று காட்டிக்கொண்டே போனார். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். போன வறட்சியில் அந்தக் களத்தில்தான் சோளம் விதைத்திருந்ததாகச் சொன்னார்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் பரிசல் விடுபவருக்கு அடித்தளம் தெரியும், ஏனென்றால் அவர் அதன்மேல் நடந்திருக்கிறார். தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் வெளியே வரும் வண்டல் நிலத்தில் சோளமும் கம்பும் எள்ளும் நிலக்கடலையும் போடுகிறார்கள். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க மீனவர்களின் குடிசைகளும் கூடவே இறங்கிப் போகின்றன. ஹொகேனக்கல்லில் வெள்ளம் வந்து மட்டம் ஏறத் தொடங்கியதும் குடிசையைப் பிரித்து மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். எந்த மேட்டில் முள் அடர்ந்திருக்கிறது, எங்கே பாறை, எங்கே பழைய ஆற்றுத் தடம் என்பதையெல்லாம் வறண்ட மாதங்களில் காலால் அறிந்து, நிரம்பிய மாதங்களில் அந்த அறிவின் மேல் துடுப்புப் போடுகிறார்கள். இதை எந்த வரைபடமும் உங்களுக்குத் தராது. அதற்கு மாற்றாக உங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: அன்றைய எண்ணைத் தெரிந்துகொண்டு, அந்த எண்ணில் எது எங்கே இருக்கும் என்று அவரிடம் கேட்பது.

இனி உங்கள் நாளுக்கு வருகிறேன். நீர்மட்டத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்களை அறியாமலே ஒரு வரியில் காட்டிக்கொடுத்திருக்கிறீர்கள். கரையோரத்தில் தண்ணீருக்குள் புல் பச்சையாக அசைந்தது என்கிறீர்கள். புல் தண்ணீருக்குள் முளைப்பதில்லை. தண்ணீர் இறங்கிக் கிடந்தபோது வெளியே முளைத்த புல் அது. அது பழுப்பேறி அழுகாமல் இன்னும் பச்சையாகவே நிற்கிறது என்றால், தண்ணீர் அதன்மேல் ஏறிச் சில நாட்கள்தான் ஆகியிருக்கும். ஆகவே நீங்கள் போன நாளில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ நல்ல மழை, ஹொகேனக்கல் வழியாக வரத்து. இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அன்றைய நாளில் மற்ற எல்லாமே வேறாகத் தெரிந்திருக்கும்.

முள்மரத் தலைகள் தெரிந்த அந்த ஒதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் தண்ணீர் இறங்கிக் கிடக்கும்போது அந்த மேடுகளில் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. மட்டம் ஏறும்போது தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. உயரமான மரங்களின் தலை வெளியே தெரிகிறது என்றால், அவற்றைவிட ஒரு சாண் குட்டையான மரங்கள் எல்லாம் தண்ணீருக்குச் சற்றே கீழே, கண்ணுக்குத் தெரியாமல், முள்ளோடு நிமிர்ந்து நிற்கின்றன என்று பொருள். தலை தெரியும் மரத்தை விலக்கிக்கொண்டு போகலாம். ஒரு சாண் ஆழத்தில் நிற்பதை என்ன செய்வீர்கள்? நேற்று அந்த இடத்தில் பரிசல் போயிருக்காது, நாளை மறுநாள் மட்டம் இன்னும் ஏறிவிட்டால் மேலாகவே போய்விடலாம். நீங்கள் போன அன்றைக்கு அந்த இடம் சரியாக முள்ளின் உயரத்தில் இருந்தது. பரிசலின் அடி தட்டையானது, பலகை கிடையாது; சாக்கும் தாரும்தான். ஃபைபர் பரிசலாகவே இருந்தாலும், முள்மரக் கிளையில் ஏறி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால், உள்ளே உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் பதறி எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அதற்குப் பிறகு பரிசல் நிமிராது. மதியத்துக்கு மேல் அந்த அகலமான நீர்ப்பரப்பில் காற்று எழும்பும், அலை எழும்பும். அலையிருந்தால் தண்ணீருக்குள் இருப்பது சுத்தமாகத் தெரியாது. இவ்வளவையும் கணக்கிட்டு அந்த மனிதர் திரும்பினார். விளக்கம் சொல்லவில்லை என்பது உங்கள் மனத்தாங்கல். நீங்கள் என்ன கேட்டீர்கள்? ஏன் என்று கேட்டீர்களா, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டீர்களா? கடிதத்தில் இருப்பது இரண்டாவது கேள்விதான். பணத்தைப் பற்றிய கேள்விக்கு அவர் வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டார்.

இப்போது லைஃப் ஜாக்கெட். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கொடுக்காத இடங்கள் எத்தனையோ உண்டு. உங்களுக்கு ஒருவர் எடுத்துக் கொடுத்தார், நீங்கள் அதை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்தீர்கள். அதை வெட்கமில்லாமல் எழுதி அனுப்பவும் செய்திருக்கிறீர்கள். உங்களுக்கு நீச்சல் தெரியும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் கற்றது கிணற்றில். இடுப்பில் சுரைக்குடுக்கையோ கயிறோ கட்டி மாமனோ சித்தப்பனோ இறக்கிவிட, நான்கு கை போட்டால் சுவர், திரும்பி நான்கு கை போட்டால் படி. கிணற்று நீச்சல்காரனின் உடம்புக்குத் தெரிந்த தூரம் அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள ஏதாவது கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் அது கை வீசுகிறது. நடு நீர்த்தேக்கத்தில் விழுந்தால் கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடையக் கால்மணி நேரம் நீந்த வேண்டும்; அதுவும் அலையை எதிர்த்து, செருப்போடும் கால்சட்டையோடும். காலை உதைத்தால் முள் கிழிக்கும், இல்லையென்றால் யாரோ முந்தின மாலை கட்டிவிட்டுப் போன தங்கூசி வலை, அதாவது நைலான் இழை வலை, காலைச் சுற்றும். அந்த வலை தண்ணீரில் மீனுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியது. அதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. அதில் சிக்கிய காலை உதறினால் இன்னும் இறுகும். இதிலிருந்து ஒருவனைக் காப்பாற்றுவது அவன் நீச்சல் அன்று. ஒன்றும் செய்யாமல் தலையை மேலே வைத்துக்கொண்டு மிதந்து கிடக்க முடிந்தால், பரிசல்காரர் வந்து வலையை அறுத்துவிடுவார். அப்படி மிதக்க வைக்கும் பொருளின் மேல்தான் நீங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தீர்கள்.

வெயில் என்கிறீர்கள். உங்கள் பட்டறையில் ஊதுலைக்கு முன்னால் உட்கார்ந்து வெள்ளி உருக்குகிறவருக்கு வெயில் ஒரு காரணமா? பரிசல் கவிழ்ந்த செய்தியை ஒவ்வோர் ஆண்டும் ஆற்றிலோ அணையிலோ எங்காவது படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். படித்துவிட்டு அரசைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் கையில் கொடுக்கப்பட்டதை மாட்டிக்கொள்வதற்கு அரசு வர வேண்டியதில்லை. உங்கள் மூவரை விடுங்கள். அப்பாவை இழந்து ஆறு மாதம் ஆன ஒருவரை, வீட்டில் தாய் தனியாக இருக்கும் ஒருவரை, நீங்கள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நீங்கள் போட்டிருந்தால் அவரும் போட்டிருப்பார்.

அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே ஒரு வரி. கடிதத்தில் மிக நல்ல வரி அதுதான். அவர் பேசவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள், ஏன் பேசவில்லை என்று விளக்கம் எழுதவில்லை, சிரிக்க வைக்க முயன்றோம் என்றும் எழுதவில்லை. துக்கத்தில் இருப்பவனைப் பேச வைத்தே தீர்வது என்று நண்பர்கள் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யவில்லை. தூண்டில் மீன்பிடியில் ஒரு வசதி உண்டு. அருகருகே உட்கார்ந்திருக்கலாம், எல்லோருக்கும் தக்கையைப் பார்க்கும் வேலை இருக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து இதே மௌனத்தை ஒருவன் காத்திருந்தால் நான்கு பேர் வந்து காபி வேண்டுமா, படுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருப்பார்கள். அவரை மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்றால் அடுத்த மாதமும் கேளுங்கள்.

நீங்கள் இதை எழுதத்தான் போகிறீர்கள் என்றால், பேசாத அந்த நண்பரையும் பதில் சொல்லாத அந்தப் பரிசல்காரரையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பரிசலில் அன்றைக்கு வாய் திறக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவரைப் புரிந்துகொண்டு, இன்னொருவர்மேல் கசந்துகொண்டீர்கள். மீதிப் பேர் பேசிய பேச்சை நான் முழுக் கடிதத்தில் படித்துவிட்டேன். கல்லூரி விடுதிக் கதைகளைச் சேர்க்காமல் விட்டாலும் ஒன்றும் குறையாது.

கட்லா ஏன் வரவில்லை என்பதையும் கேட்டிருந்தீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கட்லா மேல்மட்டத்து மீன். அதன் வாய் மேல்நோக்கித் திறக்கும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளித் தின்னும். ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம். இவை மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய நீரில் இடாது என்பதால் மீன்வளத் துறை குஞ்சு விட்டு வளர்க்கிறது. உரிமம் பெற்ற மீனவர்கள் வலை போட்டுப் பிடிக்கிறார்கள். ஈயக்குண்டு கட்டி அடியில் இறக்கிய மண்புழுவுக்குக் கட்லா வர வேண்டிய அவசியம் இல்லை. ஜிலேபிக்குக் கரையோர ஆழமற்ற நீர்தான் வீடு. தண்ணீர் இறங்கிய பிறகு ஒருமுறை போய், புதிதாக வெளியே வந்த சேற்றைப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட வட்டமான குழிகள் வரிசையாகத் தெரியும். ஆண் ஜிலேபி வாயால் சேற்றைக் கவ்விக் கவ்வித் துப்பிப் பறித்த குழி அது. பெண் மீன் அங்கே வந்து முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தும் வரை வாயிலேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் இரை எடுக்காது. மட்டம் வேகமாக இறங்கினால் குழிகள் வெளியே காய்ந்துபோகும்; முட்டைகள் தாயின் வாயோடு ஆழத்துக்குப் போய்விடும். இப்படி ஏறி இறங்கும் தண்ணீரில் அந்த மீன் ஏன் பெருகியது என்பதற்கு இது ஒரு காரணம். உங்களுக்கு ஏறுதண்ணீரில் புல்லோரமாக ஜிலேபி கிடைத்தது இயல்பு. மூழ்கிய புல்லில் புழுவும் பூச்சியும் இருக்கும், அது அங்கேதான் மேயும்.

அடுத்த முறை சொந்தமாகக் காற்றடைத்த படகு வாங்கிக்கொண்டு போகலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். முள்ளைப் பற்றி மேலே சொன்ன எல்லாம் அதற்கு இரண்டு மடங்கு பொருந்தும். அதே பண்ணவாடித் துறைக்குப் போய், அதே மனிதரைத் தேடி, முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். ஏறுவதற்கு முன் இன்றைக்குத் தண்ணீர் எத்தனை அடி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணையும், அந்த எண்ணில் எங்கெல்லாம் போகலாம் என்று அவர் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாகமரை ஒதுக்கத்துக்குப் போவதற்காகக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று சொன்னீர்களே ஒரு தொகை, அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குத் திரும்பியதற்கு.

அன்புடன்